முதல் தீர்மானம் கழிப்பறை பற்றியதாக இருக்கட்டும்

தமிழ்நாட்டின் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உறுப்பினர்களாக இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,



மாதக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் அன்றைய வேலையை விட்டுவிட்டு, கூலியையும் இழந்து, பள்ளிக்கு வருகிறவர்கள் நீங்கள். வந்து உட்கார்ந்ததும் நடப்பது பல ஊர்களில் ஒரே மாதிரிதான். பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். டீ வரும். ஏற்கெனவே எழுதிவைத்த தீர்மானங்களை ஒருவர் வேகமாக வாசிப்பார். செயலியில் ஏற்றுவதற்குப் புகைப்படம் எடுப்பார்கள். நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கலைந்துவிடுவோம். அந்த மேசைக்கு மறுபக்கம், தலைமையாசிரியை நாற்காலியில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் குழு யாரோ மனது வைத்துக் கொடுத்த அலங்காரப் பதவி கிடையாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21-இல், குழுவின் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பிரிவு 22, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை உங்கள் கையில் கொடுக்கிறது. பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்கும் அதிகாரம் அது. அந்தத் தாளில் இதுவரை பெரும்பாலும் சுற்றுச்சுவர், கணினி, கூடுதல் வகுப்பறை என்றுதான் எழுதியிருக்கிறோம். அவையும் வேண்டும். ஆனால் பிள்ளையின் உடம்பும் மனசும் ஒரு பள்ளி நாளை எப்படிக் கடக்கின்றன என்று பார்த்து எழுதிய திட்டத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இப்போது எங்கு பார்த்தாலும் மாணவர் நலம், மனநலம் என்ற பேச்சு. நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சு ஆண்டுக்கொரு யோகா நாளாகவும், வெளியூரிலிருந்து ஒருவர் வந்து மைக்கில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகும் தன்னம்பிக்கை உரையாகவும் முடிந்துவிடுகிறது. மறுநாள் அதே பிள்ளை அதே தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கும், அதே இடைவேளையில்லாத கால அட்டவணைக்கும், அதே பயத்துக்கும்தான் திரும்பி வருகிறது.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு முன்னனுபவம் உண்டு. 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஓர் அணாவுக்கு மிகக் கூடாது என்பது கணக்கு. அது நின்றுபோனாலும் எண்ணம் நிற்கவில்லை. காமராசர் 1956-இல் மாநிலம் முழுவதும் கொண்டுபோனார். ஊர்மக்கள் அரிசியும் பருப்பும் பணமும் கொடுத்தார்கள். 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஏற்றுக்கொண்டதும் பள்ளியின் வடிவமே மாறியது. சமையற்கூடம் வந்தது, அடுப்பு வந்தது, அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் பள்ளியின் ஆட்களானார்கள். வயிற்றைப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட ஊர் நம்முடையது. அதே பிள்ளையின் சிறுநீரையும் தூக்கத்தையும் ஓடியாடும் ஆசையையும் பயத்தையும் மட்டும் ஏன் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்?

முதலில் கழிப்பறை. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

இன்று மாலை உங்கள் மகள் வீடு திரும்பியதும் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் முக்கால்வாசி அப்படியே இருக்கிறதா? பல வீடுகளில் அப்படித்தான் இருக்கும். தாகம் இல்லாமலா? தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும், போகிற மாதிரி இடம் இல்லை என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறி மாலை ஐந்துக்குத் திரும்பும் பெண் ஒன்பது மணி நேரம் அடக்கிக்கொண்டு இருக்கிறாள். தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்ப் பாதையில் தொற்று, மதியத்துக்கு மேல் பாடத்தில் கவனம் நிற்காத சோர்வு எல்லாம் அதைத் தொடர்ந்து வருகின்றன. ஆசிரியர் பார்வைக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். கட்டடம் இருக்கும். கதவின் கீழ்ப்பகுதி துருப்பிடித்து அரித்திருக்கும். தாழ்ப்பாள் கழன்ற இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் தெரியும். ஒருத்தி உள்ளே போனால் அவளுடைய தோழி வெளியே நின்று கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொள்வாள். குழாயில் தண்ணீர் வராது. வாசலில் ஒரு டிரம், அதில் ஒரே ஒரு மக்கு. மாதவிடாய் நாள் என்றால் நாப்கினை எங்கே போடுவது என்று தெரியாமல் தாளில் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கே எடுத்து வருவாள். நாப்கினை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் நம்மிடம் 2011 முதல் இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ளவும் போடவும் இடம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அந்த மூன்று நாள் பள்ளிக்கே வராமல் நின்றுவிடும் பெண்களை எல்லா ஆசிரியைகளுக்கும் தெரியும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பள்ளியில் 300 பெண்கள், பயன்படும் நிலையில் நான்கு கழிப்பறைகள், இடைவேளை பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றாலும் பத்து நிமிடத்தில் இருபது பேர்தான் போய்வர முடியும். மீதி 280 பேர்? வகுப்பு நடுவே எழுந்து கேட்டால், 'இப்பதானே இன்டர்வெல் விட்டாங்க, போய் உட்காரு' என்ற பதில் வரும். கட்டடத்தில் இருக்கும் குறையை அட்டவணை பெரிதாக்குகிறது, வகுப்பறை விதி அதற்குப் பூட்டும் போடுகிறது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை அலகு என்பது அரசே வகுத்த அளவு. அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். இடைவேளையை வகுப்புவாரியாகப் பிரித்து விடலாம். ஆறும் ஏழும் ஒரு நேரம், எட்டும் ஒன்பதும் அடுத்த நேரம். வகுப்பு நடுவே போக வேண்டும் என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் கேள்வி கேட்காமல் அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் போடலாம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

கேரளத்தில் 2019-இல் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் நம் பள்ளிகளுக்கும் அது வந்தது. மணி அடித்ததும் எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் கழிப்பறை சரியில்லாத பள்ளியில் அந்த மணிக்குப் பெண்கள் உதட்டை நனைத்துக்கொண்டு பாட்டிலை மூடிவிடுகிறார்கள்.

கழிப்பறையைச் சுத்தம் செய்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல கிராமப் பள்ளிகளில் அவருக்குக் கிடைப்பது சொற்பத் தொகை. அதுவும் மாதக் கணக்கில் தள்ளிப்போகிறது. அவர் வராத நாள்களில் பிள்ளைகளை விட்டுக் கழுவச் சொல்வதும், அதிலும் எந்தப் பிள்ளையைச் சொல்வது என்பதில் சாதி பார்ப்பதும் நடந்திருக்கிறது. அது குற்றம். உங்கள் குழு அந்தப் பணியாளரை ஒரு கூட்டத்துக்கு அழைத்து உட்காரவைத்து, கையுறை இருக்கிறதா, பினாயில் யார் வாங்கித் தருகிறார்கள், சம்பளம் எந்த மாதம் வரை வந்தது என்று கேட்டுத் தீர்மானத்தில் பதியுங்கள்.

நாம் பள்ளிகளைத் திருத்தியதே இல்லை என்று சொல்லமாட்டேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை மாநிலம் முழுவதும் தேடித்தேடி இடித்தோம். உயிர் போனால் திருத்துகிறோம். நாள்தோறும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைக்கு நேர்வது எந்தச் செய்தித்தாளிலும் வராது. அதனால்தான் அதைப் பார்க்கும் கண் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது கால அட்டவணை. அது தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருக்கும் அட்டை. அதை யாரும் தொட முடியாது என்று நினைக்காதீர்கள். ஜூன் மாதம் அதைப் போடும்போது ஒரு நகல் கேளுங்கள். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஆறு வரை டெஸ்ட். பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பிள்ளை அதற்காக ஐந்து மணிக்கு எழ வேண்டும். பதின்வயதில் தூக்கம் வரும் நேரமே இயற்கையாகப் பின்னால் தள்ளிப்போகிறது. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் அமைப்பு 2014-லேயே, இந்த வயதினருக்கு எட்டரைக்கு முன் பள்ளி தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. 2019-இல் கலிஃபோர்னியா உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கியது. நம் ஊரில் அதிகாலையில் எழுந்து படித்தால் மனதில் நிற்கும் என்ற நம்பிக்கை ஆழமானது. ஒன்பது மணிக்கே படுத்துவிடும் வீட்டில் அது சரியாக இருந்திருக்கலாம். பதினொன்றரை வரை ஹோம்வொர்க் எழுதும் பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் எதுவும் நிற்காது.

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி அமைச்சர்களே மேடையில் கண்டித்துப் பேசியிருக்கிறார்கள். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்கு அறுபது நிமிடமாவது வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அட்டவணையில் இருக்கும் இரண்டு பீரியடும் பரீட்சை வந்தால் பறிபோகும் என்றால் அந்த அறுபது நிமிடம் எங்கிருந்து வரும்? இன்னொன்றையும் கவனியுங்கள். மைதானம் திறந்திருந்தாலும் நடுவில் கிரிக்கெட் ஆடுவது பையன்கள்தான். பெண்கள் ஓரமாக மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு விளையாட்டில் ஆசை இல்லை என்று சொல்கிறவர்கள், வாரத்தில் ஒரு நாள் மைதானத்தை அவர்களுக்கு மட்டும் கொடுத்து ஒரு த்ரோபாலையும் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். நம் மாநிலத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வாரத்துக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும் என்பதால் பலர் அதைச் சாமர்த்தியமாகக் கீழே போட்டுவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியை எதிரில் கொடுக்கும்படி பாருங்கள்.

உட்காரும் முறை பற்றி 2025 ஜூலையில் ஒரு சலசலப்பு வந்தது நினைவிருக்கும். கடைசி பெஞ்சே இருக்கக் கூடாது, எல்லோரையும் 'ப' வடிவில் உட்காரவையுங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. கழுத்து வலிக்கும், கண்ணுக்குக் கெடுதல், அறையில் இடமில்லை என்று எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். இருபது பேர் படிக்கும் தொடக்கப் பள்ளியில் அது அழகாக அமையும். நாற்பத்தைந்து பேர் நெருக்கியடிக்கும் ஒன்பதாம் வகுப்பில் அமையாது. அங்கே வாரம் ஒரு வரிசையாகப் பிள்ளைகளை முன்னால் நகர்த்திக்கொண்டே இருந்தால் போதும். கடைசி பெஞ்சு யாருக்கும் நிரந்தர முகவரியாக இராது.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். நாமக்கல் பக்கம் சில பள்ளிகளைப் பிராய்லர் பள்ளிகள் என்று நாமே பெயர் வைத்துப் பேசினோம், பேசிக்கொண்டே பிள்ளைகளை அனுப்பவும் செய்தோம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டினார்கள். அதைத் தடுக்க 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பிள்ளைகள் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு எழுதினார்கள். 2025-26-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. 2017 முதல் மாநில ரேங்க் பட்டியலும் வெளியிடப்படுவதில்லை. அரசு தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்துவிட்டது. ஆனால் அரசுப் பள்ளிக்குள்ளேயே இன்னொன்று நடக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போட்டு, அவர்களைத் தனியே வராந்தாவில் உட்காரவைத்து, குறைந்தபட்சப் பாஸ் மார்க்குக்கான கேள்விகளைத் திரும்பத்திரும்ப எழுதச் சொல்வது. நோக்கம் உதவிதான், அதில் சந்தேகமில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆசிரியரைக் கூட்டத்தில் நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள், அந்தப் பயம் அவருக்கு. ஆனால் அந்த வராந்தாவில் உட்காரும் பையனை வழியே போகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மாணவர் மனநலம் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டபோது, மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கவோ எல்லோர் முன்னும் அவமானப்படுத்தவோ கூடாது என்று சொன்னது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தால் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அவர் எப்போது வருவார் என்று தீர்மானத்தில் கேளுங்கள். வேறு யாரையும்விட நீங்கள் கேட்டால் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

பயத்தைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை நடுங்குகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தலால் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்தார் பிளஸ் டூ மாணவர் ஒருவர். காரணத்தை ஆசிரியர்களிடம் சொன்னார். அன்றிரவே அவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குத் தனி நல அலுவலர், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது என்று பல பரிந்துரைகள். கயிற்றைப் பற்றி மட்டும் ஊரெல்லாம் விவாதித்தோம். சொன்ன பிள்ளையை அன்று மாலையிலிருந்து யார் பாதுகாப்பது என்ற கேள்வியை உங்கள் குழுவாவது விவாதிக்க வேண்டும். புகார் வந்த அதே நாளில் இரு தரப்புப் பெற்றோரையும் அழைப்பது யார், சொன்ன பிள்ளையை வீடுவரை கொண்டுவிடுவது யார், காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ பேசுவது யார் என்று பெயர் போட்டு எழுதிவையுங்கள்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி உங்கள் பள்ளியில் எங்கே இருக்கிறது? அநேகமாகத் தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில் மாட்டியிருக்கும். ஒரு பிள்ளை அங்கே நின்று தாளை மடித்துப் போட்டால், யார் போட்டது என்று அடுத்த பீரியடுக்குள் பள்ளி முழுவதும் தெரிந்துவிடும். அதைக் குடிநீர்க் குழாய்ப் பக்கமோ நூலக மூலைக்கோ மாற்றுங்கள். சாவி ஆசிரியரிடம் மட்டும் இருக்க வேண்டாம். குழுத் தலைவராக இருக்கும் அம்மாவும் உடனிருக்கும்போது வாரம் ஒருமுறை திறக்கட்டும். உள்ளே ஆசிரியர் ஒருவர் மீதே புகார் இருக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். பாலியல் தொல்லை பற்றிய தகவல் என்றால், ஊர் மானம், பள்ளியின் பெயர் என்று யார் சமாதானம் பேச வந்தாலும் உட்கார்ந்து பேசாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்காமல் வைத்ததில் பள்ளிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பள்ளி மானியம் என்று ஒரு தொகை உண்டு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அது அமையும், அதில் பத்து விழுக்காடாவது தூய்மைக்கென்று செலவிட வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். 1950-களின் பிற்பகுதியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கடிகாரம், நிலம், கட்டடம் என்று அன்றைய ஏழைத் தமிழ்நாட்டு மக்கள் பள்ளிக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இன்று உங்கள் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. அவர்கள் நினைவுப் பரிசாக ஒரு சரஸ்வதி சிலையோ நுழைவாயில் வளைவோ கட்டித்தர முன்வந்தால், நன்றி சொல்லிவிட்டு, நான்கு கதவும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும் நாளில் அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். அம்மாக்கள் பெண்கள் கழிப்பறைக்கும் அப்பாக்கள் பையன்கள் கழிப்பறைக்கும் நேராகப் போய், குழாயைத் திறந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டுப் பாருங்கள். பிறகு அறைக்கு வந்து, தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நீங்கள் கண்டதை முதல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பில் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். எழுதி முடித்து வாசித்துக்காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியை